மர வள்ளத்துக்கு ஃபைபர் உறை போடுமுன்...

தூத்துக்குடிப் பக்கம் மர வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வள்ளம் பழசாகிவிட்டது. மேலே ஃபைபர் போட்டுவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?" என்பதே அது. 2004 டிசம்பரில் சுனாமி வந்துபோன பின் நம் கரை நெடுகிலும் முழு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஆனாலும் மர வள்ளத்தின் ஓட்டமும், அலையில் அது உட்காரும் பாங்கும் பிடித்துப்போய், அதை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஓர் இடைவழி. உள்ளே மரம், வெளியே கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த ஓர் உறை.

போடலாம். ஆனால் எல்லா வள்ளத்துக்கும் போடலாகாது. நன்றாக உலர்ந்த, எண்ணெய் குடிக்காத மரத்துக்கு இந்த உறை நல்ல காவல். ஈரமும் எண்ணெயும் ஊறிய மரத்துக்கு இதைப் போட்டால் மரம் உள்ளேயே புழுங்கிச் சாகும். நிலத்தை நம்பியிருக்கும் வாசகர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மீனவர் குடும்பத்துக்கு நிலம், கிணறு, உழவு மாடு எல்லாமே அந்த ஒரு வள்ளம்தான். கடன் வாங்கி உறை போட்டு, இரண்டு மழைக்காலத்தில் அது உரிந்து விழுந்தால், போனது உறை மட்டும் அல்ல.

மரத்தைத் தின்பது எது?

கடலில் மரத்துக்கு விரோதிகள் பலர். முதலாவது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து வந்து, குண்டூசி முனை அளவே உள்ள துளை வழியாகப் பலகைக்குள் நுழைகிறது. உள்ளே போன பிறகுதான் அது வளர்கிறது. வெளியில் ஊசித் துளை. உள்ளே விரல் பருமனுக்குச் சுரங்கம். பலகையைத் தட்டிப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்க்கிறவர் ஏமாந்து போவார். நாள்தோறும் கரையேற்றிக் காயவிடும் வள்ளத்தில் இதன் தொல்லை குறைவு. துறைமுகத்திலேயே நிறுத்திக் கிடக்கும் வள்ளத்தில்தான் அதிகம். நீரிலிருந்து எடுத்துச் சில வாரங்கள் தொடர்ந்து காயவிட்டால் இது செத்துப்போகும்.

இரண்டாவது விரோதியைப் பலர் நினைப்பதில்லை. அது மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஊறிய மரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வள்ளத்துக்குள் தேங்கும் நல்ல தண்ணீர் பலகைப் பொருத்துகளிலும் வங்குக் கட்டைகளின் அடியிலும் நின்று, மரத்தை மெத்தையாக்கிவிடும். பழைய வள்ளங்களைப் பிரித்துப் பார்த்தால், கடல் பட்ட வெளிப்புறத்தைவிட மழை தேங்கிய உட்புறம் அதிகமாகக் கெட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

கொட்டலசு, பாசி முதலியவை மரத்தைத் தின்பதில்லை. ஆனால் அடியில் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும். எண்ணெய்ச் செலவை ஏற்றும். இதற்குப் பிறகு வருவோம்.

நம் முன்னோர் இதற்கெல்லாம் செய்த வைத்தியம் எளியது. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைத்தார்கள். மேலே சுறா எண்ணெய் பூசினார்கள். சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்து அடியில் பூசும் வழக்கமும் இந்தியக் கரைகளில் உண்டு. அவ்வப்போது பூச வேண்டும். ஆனால் எந்தத் தொழிலாளியும் வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடிய வேலை. அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

சிப்பி செய்யும் பூச்சு

ஒரு பொருளின் மேல் இன்னொரு பொருளைப் பூசிக் காப்பது எப்படி என்று அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கடலின் முத்துச்சிப்பியே அதற்குப் பாடம். முத்து என்பதே ஒரு பூச்சுதான்.

தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் கடைசியாக 1961-ல் முத்துக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கி, டாக்டர் கே. அழகர்சாமி அவர்களின் முயற்சியில் 1973 ஜூலையில் நம் நாட்டின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தது. 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யவும் வழி கண்டது.

வளர்ப்பு முத்து எடுக்கும் முறை இது. ஓட்டால் செய்த சிறு மணி ஒன்றைச் சிப்பியின் உடலுக்குள் வைக்கிறார்கள். அதோடு வேறொரு சிப்பியின் மேலாடைச் சதையில் வெட்டிய சிறு துண்டையும் வைக்கிறார்கள். அந்தத் துண்டு மணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட்டிருந்தால் அது வளர்ந்து மணியைப் பையாகச் சூழ்ந்து, அடுக்கடுக்காக முத்துப் பூச்சைச் சுரக்கும். விலகிவிட்டால் மணி மணியாகவே கிடக்கும். எவ்வளவு நல்ல சதைத்துண்டானாலும், ஒட்டவில்லை என்றால் முத்து இல்லை.

அந்தப் பூச்சைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். அதில் 100-க்கு 95 பங்கு வெறும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000 அடுக்குகள் அடங்கும் அளவுக்கு மெல்லிய தகடுகளாக அது செங்கல் கட்டடம்போல் அடுக்கப்பட்டிருக்கிறது. தகடுகளுக்கு நடுவே சாந்துபோல் மிக மெல்லிய புரதப் படலம். சுண்ணாம்புக் கல்லைத் தட்டினால் உடனே பிளக்கும். இந்த அடுக்கோ, விரிசல் ஒவ்வொரு தகட்டிலும் திரும்பித் திரும்பிப் போக வேண்டியிருப்பதால் பன்மடங்கு அடி தாங்கும். கடினமான ஒன்று, இளகிய ஒன்று, இரண்டும் பிரியாமல் ஒட்டியிருப்பது: கலப்புப் பொருள் என்று பொறியியலார் சொல்வது இதைத்தான்.

ஃபைபரும் அதே கணக்குத்தான். கண்ணாடியை நூலாக இழுத்தால் இழுவிசையை நன்றாகத் தாங்கும். ஆனால் தனியே அது வெறும் பஞ்சு. ரெசின் இறுகினால் கெட்டியாகும். ஆனால் தனியே அது நொறுங்கும். இரண்டும் ஊறிச் சேர்ந்தால்தான் பலம். வித்தியாசம் ஒன்று: சிப்பி தன் பூச்சை ஈரத்திலேயே போடுகிறது. நம்மால் அது முடியாது.

நனைந்து இறுகும் வள்ளம், காய்ந்து இருக்க வேண்டிய வள்ளம்

கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

பலகையோடு பலகை முட்டவைத்துக் கட்டிய நாட்டு வள்ளம், தண்ணீரில் இறங்கியதும் ஊறிப் பருத்து, இடுக்குகளைத் தானே மூடிக்கொள்கிறது. நெடுநாள் வெயிலில் கிடந்த வள்ளத்தை இறக்கினால் முதல் நாள் தண்ணீர் ஏறுவதும், பிறகு அடைபடுவதும் எல்லாரும் அறிந்ததே. அதாவது அந்த வள்ளம் நனைந்திருப்பதால்தான் இறுகியிருக்கிறது. கடலில் ஓடும்போது பலகைகள் சற்று அசையும். அந்த அசைவுக்கு இடம்கொடுத்துத்தான் பஞ்சும் குங்கிலியமும் வைக்கிறோம்.

ஃபைபர் உறை இதற்கு நேர்மாறு. மரம் காய்ந்து அசையாமல் இருந்தால்தான் அது ஒட்டி நிற்கும். உறை போட்ட பிறகு மரம் ஈரம் குடித்துப் பருத்தால் உறை இழுபடும். காய்ந்து சுருங்கினால் பலகை இடுக்கு நெடுகிலும் விரிசல் விடும். ஆகவே பழைய வள்ளத்தின் மேல் புதிய உறையைப் போடுவது ஒரு சட்டையின் மேல் இன்னொரு சட்டை போடுவது போன்றதல்ல. வள்ளம் வேலை செய்யும் விதத்தையே மாற்றுவதாகும். உறை போட்ட வள்ளத்தை இனி உள்ளும் புறமும் காய்ந்த வள்ளமாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று உரிமையாளர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நம் கரையில் ஒரு வள்ளத்தைப் பார்த்தேன். உறை போட்டு இரண்டாவது மழைக்காலம் முடிந்திருந்தது. முன்பக்கத்தில் கைப்பிடி அளவுக்கு உறை தூக்கிக்கொண்டு நின்றது. உரிமையாளர் அதைப் பிடித்து இழுத்தார். பலாப்பழத் தோல்போல் ஒரு முழத்துக்கு மேல் கழன்று வந்தது. உள்பக்கம் வழவழவென்று இருந்தது; ஒரு மரச்செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. "அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி என்ன பூசினீங்க?" என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்துல இருந்து சுறா எண்ணெய்தான் சார். வருஷம் தவறாம பூசினோம்" என்றார். அவர் மரத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டதே உறைக்கு எமனாக முடிந்தது. எண்ணெய் ஊறிய பலகையில் ரெசின் பிடிக்காது. மேலே இழைத்துச் சீவினாலும், வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து வெளியே வரும்.

தலைமுறையாக எண்ணெய் பூசி வந்த வள்ளத்துக்கு உறை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதற்குப் பழைய வைத்தியமே நல்லது. புதிதாகக் கட்டும் வள்ளம், அல்லது எண்ணெய் படாமல் சாயம் மட்டும் அடித்து வந்த வள்ளம் என்றால் தாராளமாகப் போடலாம்.

மரம் காய்ந்ததை அறிவது

உறை போடும்போது மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குமேல் இருக்கலாகாது. கணக்கு எளிது. பலகையில் ஒரு சிறு துண்டை எடுத்து எடை போடுங்கள். பிறகு சூடான அடுப்பில் கருகாமல் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து மறுபடியும் எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈர சதவீதம் கிடைக்கும். 115 கிராம் துண்டு காய்ந்து 100 கிராம் ஆனால் ஈரம் 15 சதவீதம். ஈரத்தை அளக்கும் மீட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் கடலில் ஓடிய மரத்தில் உப்பு ஏறியிருக்கும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் மீட்டர் உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டும். துண்டு எடைக் கணக்குத்தான் நம்பத் தகுந்தது.

உப்பு இன்னொரு தொல்லையும் தரும். உப்பளத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடிக்காமல் வாரிய உப்பு, காற்றில் ஈரம் ஏறினாலே கசியும். கடல் தண்ணீர் ஊறிய பலகையும் அப்படியே. பகலில் காய்ந்ததுபோல் இருந்து இரவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே வள்ளத்தைக் கரையேற்றியதும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி உப்பை இறக்கிவிட்டு, அதன் பிறகே காயவைக்க வேண்டும். நேர் வெயில் வேண்டாம், பலகை வெடிக்கும். மேலே கூரை, நாலு பக்கமும் காற்று. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த வாரங்களில் தொழில் இல்லையே என்று அவசரப்படுவதால்தான் பாதி உறைகள் கெடுகின்றன.

தூத்துக்குடியில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. கச்சான் காற்று பலமாக எழும் நாட்களில் மணலும் தூசியும் பறந்து ரெசின் மேல் ஒட்டும். விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் பழுது பார்ப்பதால் கூலிக்கு ஆள் கிடைப்பதும் அப்போது கஷ்டம். நாட்டு வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. எனவே அதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரெசினும் மேட்டும்

ரெசினில் ஆர்த்தோ, ஐசோ என்று இரண்டு தரம் பரவலாக விற்கிறது. கடல் தண்ணீருக்கு ஐசோ நல்லது. விலை கூடுதல்; ஆனால் தண்ணீர் குடிப்பது குறைவு, கொப்புளம் எழும்புவதும் குறைவு. மரத்தோடு இவை இரண்டையும்விட நன்றாக ஒட்டுவது எபாக்சி. வசதி உள்ளவர்கள் முதல் பூச்சையாவது எபாக்சியில் போடலாம். ஒன்று கவனம்: வெட்டிய நாரால் செய்த மேட்டில் நாரைப் பிடித்துவைத்திருக்கும் பசை, சாதாரண ரெசினில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியையே உபயோகிக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு, ஏறக்குறைய 1 கிலோ 100 கிராம் ரெசின் குடிக்கும். 600 கிராம் ரோவிங் என்னும் நெய்த துணி, தன் எடையைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். மேட், ரோவிங், மேட் என்று மூன்று அடுக்கு போட்டால் கனம் ஏறக்குறைய 3 மி.மீ. வரும், சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ 350 கிராம் எடை ஏறும். வெளிப்பரப்பு 30 சதுர மீட்டர் உள்ள வள்ளம் என்றால் 130 கிலோ கூடுதல். இரண்டு ஆள் எடை எப்போதும் வள்ளத்தில் இருப்பதுபோல. மிஷின் சக்தியையும் வலை, ஐஸ் பாரத்தையும் இதைக் கணக்கில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பனை நாரைக் கண்ணாடி நாருக்குப் பதில் போட்டால் என்ன என்று பனைத் தொழில் செய்கிறவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பனை நார், கற்றாழை நார், தென்னை நார் ஆகியவற்றை ரெசினோடு சேர்த்துப் பலகை செய்யும் ஆராய்ச்சிகள் நம் நாட்டில் நடந்து வருகின்றன. கதவு, கூரைத் தடுப்பு போன்றவற்றுக்கு அவை உதவலாம். ஆனால் தாவர நார் தண்ணீர் குடிக்கும், குடித்தால் பருக்கும், பருத்தால் ரெசினிலிருந்து பிரியும். வள்ளத்தின் அடிக்கு இப்போதைக்கு அது ஏற்றதல்ல.

வேலை நடக்கும் விதம்

பழைய சாயத்தை முழுவதும் சுரண்டி, வெறும் மரம் தெரியும்படி கரடுமுரடான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பாக்கக் கூடாது. பலகை இடுக்குகளில் உள்ள பஞ்சையும் குங்கிலியத்தையும் எடுத்துவிட்டு, மெல்லிய மரச் சிம்பும் எபாக்சியில் குழைத்த மரத்தூளும் வைத்து அடைக்க வேண்டும். இடுக்கு அசைந்தால் உறை அங்கேதான் வெடிக்கும். கூர்மையான விளிம்புகளை உருட்டிவிட வேண்டும். கண்ணாடி நார் கூர்முனையில் படியாது, அடியில் காற்று நின்றுவிடும். பிறகு நீர்த்த ரெசினை ஒரு பூச்சு பூசி மரத்துக்குள் ஊறவிட வேண்டும். பலகையின் வெட்டுமுனை, முகப்பைவிடப் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் இழுக்கும். ஆகவே முனைகளுக்கு இரண்டு, மூன்று முறை பூச வேண்டும்.

ரெசின் இறுக, கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவமும் கேட்டலிஸ்ட் என்ற நிறமில்லாத திரவமும் சேர்க்கிறோம். இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். சில ரெசின்களில் கோபால்ட் கலந்தே வருகிறது, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெப்பத்துக்குக் குறைந்த அளவே போதும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நல்ல தண்ணீரில் கால்மணி நேரம் இடைவிடாமல் கழுவிவிட்டு, டாக்டரிடம் போக வேண்டும். ரெசின் ஆவி எளிதில் தீப்பற்றும். வேலை நடக்கும் இடத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும்.

காலை வேளையே நல்லது. பனி விலகி, மரம் சூடேறுவதற்குமுன் தொடங்கி, நண்பகலுக்குள் ஓர் அடுக்கை முடிக்க வேண்டும். மாலையில் கடல் காற்றின் ஈரம் படியும். ஒவ்வோர் அடுக்கிலும் உருளையால் அழுத்தி, வெள்ளையாகத் தெரியும் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாக நிற்கும் இடம் ரெசின் ஊறாத இடம். பின்னால் தண்ணீர் புகும் இடமும் அதுவே. கடைசியில் மெழுகு கலந்த மேல்பூச்சு கொடுத்து, நார் நுனி எதுவும் வெளியே தெரியாமல் மூட வேண்டும். நார் நுனி வெளியே நின்றால், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல அது தண்ணீரை உள்ளே இழுக்கும்.

ஆணியும் அடிக்கட்டையும்

உறை அடிக்கடி கெடுவது நடுப் பரப்பில் அல்ல, ஓரத்திலும் துளையிலும்தான். மேல் விளிம்பில் உறை முடியும் இடத்தை வாரிப் பலகைக்கு அடியில் கொண்டுபோய் மறைத்து, மரச் சட்டம் வைத்து இறுக்க வேண்டும். மிஷினுக்கோ சுக்கானுக்கோ போல்ட் துளை போட்டால், துளையின் உட்சுவருக்கு ரெசின் கொடுத்துக் காயவைத்த பிறகே போல்ட் மாட்ட வேண்டும். மணலில் இழுக்கும் வள்ளத்துக்கு அடிக்கட்டையில் மட்டும் இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு, அதற்கும் கீழே தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக் கூடிய மரப்பட்டை ஒன்றைப் பொருத்துவது நல்லது. தேய்வது அந்தப் பட்டையாக இருக்கட்டும்.

ஒரே வள்ளத்தில் செம்பு ஆணியும் இரும்பு ஆணியும் கலந்து அடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் மின்கலம்போல் வேலை செய்து, இரும்பு வேகமாகக் கரைந்துவிடும். இரும்பைக் காக்கும் விஷயத்தில் நம் கரைக்கு நல்ல பாடசாலைகள் உண்டு. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் ஆய்வு மையங்கள் வைத்து, உலோகங்களையும் பூச்சுகளையும் கடல் காற்றில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை உப்புக் காற்றிலிருந்து காக்க ஓயாமல் சாயம் அடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசைலாக்சேன் என்ற நீடித்த பூச்சும், கலப்புப் பொருளால் செய்த ஸ்லீப்பர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வள்ளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. நாகம் பூசிய ஆணியும், அதன் தலையை மூடும் ரெசினும் போதும்.

அடிப்பூச்சும் சிப்பியும்

ஃபைபர் உறை போட்டால் கொட்டலசு பிடிக்காது என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். இது சரியல்ல. கப்பல் புழு நுழையாது; ஆனால் கொட்டலசும் பாசியும் மரத்தில் பிடிப்பதைப் போலவே ஃபைபரிலும் பிடிக்கும். இதைத் தடுக்க விஷம் கலந்த அடிப்பூச்சுகள் இருக்கின்றன. செம்பு ஆக்சைடு கலந்தவையே இப்போது பொதுவாகப் புழங்குகின்றன.

டி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த பூச்சு ஒரு காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. பூசினால் வருஷக்கணக்கில் எதுவும் ஒட்டாது. ஆனால் 1970-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்த்தவர்களின் தொழில் படுத்துவிட்டது. குஞ்சுகள் பிழைக்கவில்லை, வளர்ந்த சிப்பிகளின் ஓடு விகாரமாகத் தடித்தது. உல்லாசப் படகுகளின் அடிப்பூச்சுதான் காரணம் என்று கண்டு, 1982-ல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பிறகு 2001-ல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்து, கப்பல்களுக்கும் அது கூடாது என்றாயிற்று.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிடுவதற்கில்லை. கொட்டலசுக் குஞ்சைக் கொல்லும் விஷம் முத்துச்சிப்பிக் குஞ்சை விட்டுவைக்காது. செம்பும் சிப்பிக் குஞ்சுகளுக்கு ஆகாதது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கடலில் பிறக்கும் மீனை நம்பித்தான் வள்ளமே ஓடுகிறது. நாள்தோறும் கரையேற்றும் வள்ளத்துக்கு விஷப் பூச்சு தேவையே இல்லை. வாரம் ஒருமுறை அடியைத் துடைப்பத்தால் தேய்த்தால் போதும். கொட்டலசு இளசாக இருக்கும்போது எளிதில் வந்துவிடும். நீரிலேயே நிறுத்த வேண்டிய படகுக்குப் பூசுவதானால், பழைய பூச்சைக் கரையில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டி, தூளை அள்ளித் தனியே அப்புறப்படுத்த வேண்டும். கடலில் தள்ளிவிடக் கூடாது. ஃபைபர் தூளுக்கும் இதே விதி. தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்; கண்ணாடித் தூள் நெஞ்சுக்கு ஆகாது. மரம் மட்கும்; ஃபைபர் மட்காது. கரையில் ஒதுக்கிப் போட்ட உடைந்த ஃபைபர் படகுகளை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல வழி ஏற்படவில்லை.

உறை போட்ட பிறகு

மாதம் ஒருமுறை ஐந்து ரூபாய் நாணயத்தால் உறை முழுவதையும் தட்டிக் கேளுங்கள். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் வட்டத்தைத் தாண்டிப் பரவியிருந்தால் காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் வள்ளத்தை முன்பக்கம் சற்று உயர்த்தி நிறுத்தி, பின்பக்கத்து அடைப்பைத் திறந்துவிட்டால் உள்ளே மழைத் தண்ணீர் தேங்காது. மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போடலாம். ஆனால் காற்றோட்டம் இருக்க வேண்டும். மூடிக்கட்டினால் உள்ளே வேர்க்கும்.

பழுது பார்க்கும்போது கீறலின் மேல் அப்படியே ரெசினைத் தடவுவதால் பயன் இல்லை. கெட்ட பகுதியை நல்ல பகுதி வரும்வரை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். உறை 3 மி.மீ. கனம் என்றால் சரிவு குறைந்தது 30 மி.மீ. அகலம் இருக்கட்டும். உள்ளே மரத்தை நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, துண்டு எடைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே புது மேட் ஒட்ட வேண்டும். புழுத்துளை தென்பட்டால் அந்தப் பலகையையே மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியில் கேட்கலாம். 1957-ல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், மர வள்ளங்களுக்கு மருந்து ஏற்றுவதிலும் ஃபைபர் உறை போடுவதிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறது. கேட்கப் போகும்போது பலகையில் ஒரு துண்டையும், பிரிந்து வந்த உறையில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். உறைத் துண்டின் உள்பக்கத்தில் மரச்செதில் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.